விரிப்புக்கு முன் தளம்

வீட்டில் ஒரு விசேஷம் நெருங்கினால் நாம் முதலில் நினைப்பது என்ன? சுவருக்கு வெள்ளை, சன்னலுக்குப் புதுத் திரை, தரைக்கு ஒரு நல்ல விரிப்பு. கண்ணுக்குப் படுவதைச் சீர்செய்துவிட்டால் வீடே சீராகிவிட்டதென்று மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சி எப்போதும் நிலைப்பதில்லை.

பென்னாகரத்தில் நாம் அறிந்த குடும்பம் ஒன்றுக்குத் தாத்தா காலத்து மச்சு வீடு உண்டு. உத்திரத்தின் மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் பலகை பாவிய மாடியறை. சிமெண்டுத் தரைக்கே பழகிவிட்ட நமக்கு இன்று அது அரிய காட்சி. பெங்களூரில் பணிபுரியும் மகன், தன் மகளின் புதுநன்மை விழாவுக்கென்று தடித்த கம்பளம் ஒன்றை வாங்கி வந்தான். பலகைகளோ மேடும் பள்ளமுமாக, நடந்தால் முனகுவனவாக இருந்தன.

“கம்பளம் எல்லாவற்றையும் மூடிவிடும், அப்பா” என்றான் மகன்.

“ஆசாரியார் ஒருமுறை பார்த்துவிடட்டும், தம்பி” என்றார் தந்தை.

ஆசாரியார் வந்தார். அறையைப் பெருக்கச் சொல்லி, சுத்தியலின் பிடியால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். படிக்கட்டு ஏறியதும் கால் வைக்கும் இடத்தில் ஓசை மாறியது. உளியின் முனையை வைத்தார். அழுத்தாமலே அது உள்ளே இறங்கிற்று. கரையான் மேல்தோலை மட்டும் விட்டு வைத்து உள்ளிருந்த மரத்தைத் தின்றிருந்தது. நாள்தோறும் மாலையில் விளக்கேற்ற மாடிக்கு வரும் முதிய தாயார் மிதிக்கும் பலகை அது! மகன் பேச்சற்று நின்றான். அந்தக் கம்பளம் விரிக்கப்பட்டிருந்தால், பலகை முறியும் நாள்வரை அதன் நோயை எவரும் அறிந்திருக்கமாட்டார்.

விழா கீழ்க்கூடத்தில் சிறப்பாக நடந்தேறியது. கம்பளம் சுருட்டியபடியே மூலையில் காத்திருந்தது. வேலை முறையாக முடிய மேலும் பத்து நாட்கள் ஆயின. அந்த வேலையின் ஒழுங்கை இங்கே தருகிறோம். பழைய மரத்தளம் உள்ள குடும்பங்களுக்குப் பயன்படும்.

முதலாவது, சோதனை. பலகைகளைத் தட்டிப் பாருங்கள். சுவரோரத்திலும் உத்திரத்தின் நுனியிலும் கரையானின் மண்தடம் உண்டா என்று தேடுங்கள். உளுத்த பலகையை மாற்றியே ஆகவேண்டும். மருந்தடிப்பதைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். கழிவு எண்ணெயோ மண்ணெண்ணெயோ பூசி அதன்மேல் விரிப்பு இடுவது தீயை விலைக்கு வாங்குவதாகும். அறையின் நடுப்பகுதியே தொய்ந்திருந்தால் குறை பலகையில் இல்லை, உத்திரத்தில் உண்டு. கட்டட அறிவுடையவரை அழைக்காமல் மேற்கொண்டு எதுவும் செய்யவேண்டாம்.

இரண்டாவது, ஆட்டத்தை நிறுத்துதல். முனகும் பலகை பெரும்பாலும் ஆணி தளர்ந்த பலகையே. அதைக் குறுக்குச் சட்டத்தோடு திருகாணியால் இறுக்குங்கள். அடியில் மின்கம்பி ஓடுகிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவது, மட்டம். நீண்ட மட்டப்பலகையைத் தளத்தில் வைத்தால் மேடும் பள்ளமும் தாமே வெளிப்படும். ஆணித் தலைகளைப் பலகைக்குள் இறக்கிய பின்னரே இழைப்புளி பிடிக்கவேண்டும்; இல்லையேல் அதன் அலகு உடையும். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகையால் அதைத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். குழந்தைகளை அறைக்குள் விடாதீர்கள்.

பள்ளத்தைச் சிமெண்டுக் கலவையால் நிரப்புவோர் உண்டு. அது தவறு. மரம் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். சிமெண்டுக்கு அந்த நெகிழ்வு இல்லை. அது வெடித்துப் பொடியாவதோடு தன் ஈரத்தையும் பலகைக்குள் இறக்கிவிடும். சித்திரையில் காணும் இடைவெளி ஐப்பசியில் தானே குறையும். எனவே சிறு இடுக்குகளையும் இறுக அடைக்கவேண்டாம்.

இவற்றுக்குப் பிறகும் மேடுபள்ளம் எஞ்சினால் 6 மி.மீ. ப்ளைவுட் பலகையைத் தளம் முழுதும் பரப்பலாம். இரண்டு நாட்கள் அதை அந்த அறையிலேயே வைத்திருந்து, அங்குள்ள காற்றுக்குப் பழக்குங்கள். செங்கல் வரிசையைப் போல இணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறி அமையட்டும். சுவரோரம் சிறிது இடம் விட்டு, சுமார் 15 செ.மீ.க்கு ஒரு திருகாணி இறக்குங்கள். அது பலகையைத் துளைத்துக் கீழறையில் தலைகாட்டாத நீளமாயிருக்கட்டும்.

இத்தனைக்கும் பின்னர்தான் விரிப்பு. அதிலும் ஒரு சொல். நம் ஊரின் புழுதிக்கும் வெயிலுக்கும், தளத்தோடு ஒட்டிவிடும் கம்பளத்தைவிட, எடுத்து உதறக்கூடிய விரிப்பே ஏற்றது. ஒகேனக்கல்லில் விழும் காவிரி, மேட்டூர் கடந்து சென்று தொடும் பவானியில் நெய்யப்படும் ஜமக்காளத்தை நாம் அறிவோம். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற நெசவு அது. ஆயின் அது மெல்லியது; அடியிலுள்ள பலகையின் விளிம்பு உயர்ந்திருந்தால், மிதிபடும் அந்தக் கோட்டிலேயே முதலில் தேயும். முதியோரின் கால் தடுக்குவதும் அதே கோட்டில்தான். அது நழுவாதிருக்க அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று இடுங்கள். மாதத்துக்கொரு முறையேனும் சுருட்டி எடுத்து, தளத்தைத் தட்டிப் பாருங்கள்.

பத்து நாள் தாமதமாய் அந்த மாடியறையில் கம்பளம் விரிந்தபோது விருந்தினர் ஒருவரும் இல்லை. படியேறி வந்த தாயார் மட்டும் வழக்கமான இடத்தில் கால் வைத்தார், தளம் முனகவில்லை. “என்னப்பா, சத்தமே காணோம்?” என்று கேட்டாராம். விழாவுக்கு வந்தோர் கூறிய பாராட்டுக்களைவிட அந்தக் கேள்வியே தனக்கு நிறைவளித்தது என்று மகன் நம்மிடம் சொன்னான்.