மங்கு வந்தது வெயிலால, முகம் வெந்தது உங்களால

மரக்காணம் உப்பளத்துல நாள் முழுக்க நிக்கிறவ முகம் கருக்காம வேற என்ன ஆகும்? மேலேயிருந்து அடிக்கிற வெயில் போதாதுன்னு, பாத்தித் தண்ணியிலயும் உப்பு மேலயும் பட்டுத் திரும்பி மறுபடி மூஞ்சியிலயே அறையுது. சின்னவன் வயித்துல இருந்தப்போ ரெண்டு கன்னத்துலயும் மங்கு விழுந்துச்சு. "விசேஷத்துக்கு இந்த மூஞ்சியோடவா வருவே?"ன்னு நாத்தனாரே கேட்டா.

மெடிக்கல் கடைக்குப் போனேன். டாக்டர் சீட்டு எங்கேன்னு கேக்கல. ஒரு டியூபை எடுத்து வச்சு, "ராத்திரியில தடவும்மா, பளிச்சுன்னு ஆயிடும்"னாங்க. ஆச்சு. ஊரே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம்? தடவாம விட்டா எரிஞ்சுது. தடவத் தடவ தோல் வெங்காயச் சருகா மெலிஞ்சு, உள்ளே நரம்பு செவசெவன்னு தெரிஞ்சுது. பரு கிளம்புச்சு. தாடையில முடி மொளச்சுது. உப்புத்தண்ணி ஒரு சொட்டு தெறிச்சா உசிரு போச்சு. மங்கு மட்டும் போகல, முன்னைக்கும் மேல கருத்துச்சு.

புதுச்சேரியில தோல் டாக்டரம்மா டியூபைத் திருப்பிப் பாத்தாங்க. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன்னு மூணு மருந்து. மொமெட்டசோன் ஸ்டீராய்டாம். டாக்டர் பாத்து, கொஞ்ச வாரம் மட்டும் தடவச் சொல்ற மருந்தாம். மங்குக்கு முதல் வைத்தியமே வெயில் படாம காக்குறதுதானாம்: தொப்பி, முகத்துணி, சன்ஸ்கிரீன். மெதுவாத்தான் கரையுமாம், வெயில் பட்டா திரும்ப வருமாம்.

இதை ஏன் கடையில யாரும் எங்கிட்ட சொல்லல? ஸ்டீராய்டு கிரீமைச் சீட்டில்லாம விக்கக்கூடாதுன்னு 2018-லயே மத்திய அரசு உத்தரவு போட்டுச்சாமே, அது யாருக்குப் போட்டது? கிரீம் கம்பெனிக்காரங்களே, டியூப்ல எச்சரிக்கையை எனக்குப் படிக்கத் தெரியாத இங்கிலீஷ்ல அச்சடிச்சுட்டா உங்க பொறுப்பு தீந்துச்சா? வெள்ளையாக்குற கிரீம்னு வித்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல 'க்ளோ அண்ட் லவ்லி' ஆச்சு. பேரு மாறிடுச்சு, கருப்புன்னா குறைங்கிற நெனப்பு மாறுச்சா?

வெயில்ல நிக்காதேங்குறாங்க. நிக்கலன்னா கூலி ஏது? ஒரு சன்ஸ்கிரீன் வாங்கினா ஒரு நாள் கூலி போயிடுது. அதை வாங்கித் தர எந்த முதலாளிக்கும் மனசு வரல. ஒதுங்கி நிக்க ஒரு கொட்டாய் போடவும் ஆளில்லை. எங்களை வெள்ளையாக்க மட்டும் எத்தனை டியூப், எத்தனை விளம்பரம்!

நான் வாரின உப்புதான் உங்க உலையிலயும் வேகுது. அந்த உரிமையில கேக்குறேன். உப்பள முதலாளிங்களே, எங்களுக்கு நிழல் குடுங்க. கடைகளைப் பாக்க வேண்டிய அதிகாரிங்களே, ஒரு தடவை வந்து பாருங்க. கடைக்கார அண்ணே, நாளைக்கும் ஒருத்தி மங்கோட வந்து நிப்பா. அவ உங்க பொண்ணா இருந்தா சீட்டில்லாம அந்த டியூபை எடுத்துக் குடுப்பீங்களா?