வெட்டாமலே சாகும் மரங்கள்

சென்னையில் சாலையோர மரம் ஒன்றை வெட்ட வேண்டுமானால் இன்று அனுமதி பெற்றாக வேண்டும். பொது இடங்களில் உள்ள மரங்களை வெட்டக் கோரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க 2021-இல் தமிழக அரசு பசுமைக் குழுக்களை அமைத்தது. வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். ஆனால், அதே மரத்துக்கு இரண்டடி தள்ளி பொக்லைன் இயந்திரத்தை நிறுத்தி, ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டி, ஒரு பக்கத்து வேர்கள் அனைத்தையும் அறுத்தெறிகிறார்கள். அதற்கு எவரும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

மரத்தின் வேர் நேர்கீழே ஆழத்தில் இருக்கிறது, பக்கவாட்டில் தோண்டினால் பாதகமில்லை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் இரண்டு, மூன்று அடிக்குள்தான் பரவுகின்றன. கிளைகளின் விளிம்பையும் தாண்டி ஓடுகின்றன. பருத்த வேர்கள் மரத்தை நிலத்தோடு பிணைக்கின்றன. மெல்லிய வேர்கள் நீரையும் காற்றையும் தேடுகின்றன. அவை அறுபட்ட மரம் அன்றே சாவதில்லை. இலை அடர்த்தி குறையும், உச்சிக் கிளைகள் காயும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் பட்டுப்போகும். அல்லது அதற்கு முன்பே ஒரு காற்றில் சாயும். அதற்குள் ஒப்பந்ததாரர் தொகையைப் பெற்றுக்கொண்டு போயிருப்பார். மரத்தின் சாவு இயற்கையின் கணக்கில் எழுதப்படும்.

இதில் காலக் கொடுமை ஒன்றும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகால் பணிகளை முடிக்க வேண்டும் என்ற அவசரம் ஆகஸ்ட், செப்டம்பரில் உச்சத்தை அடைகிறது. அதாவது, வேர் அறுபட்ட சில வாரங்களிலேயே ஈரமண்ணில் நின்று புயலைச் சந்திக்கிறது மரம். 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தபோது, தூங்குமூஞ்சியும் குல்மோகரும் அயல்நாட்டு மரங்கள், அதனால்தான் விழுந்தன என்று பேசினோம். அது பாதி உண்மை. கழுத்துவரை சிமென்ட் பூசி, ஒரு பக்க வேரையும் வெட்டிவிட்டால் வேம்பும் விழத்தான் செய்யும். 2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் கார் மீது மரம் சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். அருகில் நடந்த வடிகால் பணியே காரணம் என்றனர் அப்பகுதியினர். மாநகராட்சி அதை மறுத்தது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. தோண்டுவதற்கு முன் அந்த மரத்தின் நிலையை அளந்து எழுதிவைக்கும் வழக்கம் இருந்திருந்தால், இந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது.

கட்டுமானத்தின்போது மரங்களைக் காக்க பிரிட்டன் ஒரு தரநிலையை வைத்திருக்கிறது. அடிமரத்தின் விட்டத்தைப்போல் 12 மடங்கு தொலைவு வரை வேர்ப் பாதுகாப்புப் பகுதி. அரை மீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு ஆறு மீட்டர். நம் தெருக்கள் பலவற்றின் மொத்த அகலமே அவ்வளவுதான் என்பதால் அதை அப்படியே இங்கு கொண்டுவருவது நடவாத காரியம். ஆனால், அந்தச் சில மீட்டர் நீளத்துக்கு மட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டலாம். கட்டைவிரலைவிடப் பருத்த வேர்களை விட்டுவைக்கலாம். வடிகாலைச் சற்று வளைக்கலாம். குறுக்கே மின்கேபிளோ குடிநீர்க் குழாயோ வந்தால் இதையெல்லாம் செய்யத்தானே செய்கிறோம்? அதற்கு மதிப்பீட்டில் தனி இனமும் தொகையும் இருக்கின்றன. வேருக்கு இல்லை. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றுமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டர்கூட நம் நடைபாதைகளில் அரிது.

வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்றுகள் நடப்படும் என்பது நமக்குப் பழகிப்போன ஆறுதல். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த முனைகிறது. இலக்கில் குறை காண்பதற்கில்லை. ஆனால், பத்துக் கன்றுகள் எங்கோ புறநகரில் நடப்படுகின்றன. நிழலை இழந்தவர்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2021-இல் ஒரு மரத்தின் மதிப்பை ஆண்டுக்கு ரூ.74,500 எனக் கணக்கிட்டு, அதை வயதால் பெருக்கச் சொன்னது. அந்தத் தொகை மிகை என்று வாதிடலாம். வயதுக்கு விலை உண்டு என்பதை மறுக்க முடியாது.

நடும் கன்றும் பிழைக்க வேண்டுமல்லவா? கட்டட இடிபாடுகள் நிரம்பிய ஒன்றரை அடிக் குழியில், மின்கம்பிக்கு நேர்கீழே வைக்கும் புங்கையால் என்ன பயன்? அடுத்த ஆண்டு அதே ஓரத்தை இன்னொரு துறை தோண்டும்.

புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒப்பந்தப்புள்ளி கோருமுன் வழித்தடத்தின் மரங்களை எண்ணி, அளந்து, படமெடுத்து ஆவணத்துடன் இணைக்கலாம். புதிய சாலை பழுதானால் சரிசெய்ய ஒப்பந்ததாரரிடம் ஒரு தொகையை நிறுத்திவைக்கிறோம். அதேபோல் மரத்துக்கும் ஒரு தொகையை நிறுத்திவைத்து, பணி முடிந்து மூன்றாம் ஆண்டில் அந்த மரங்களை மீண்டும் எண்ணிய பிறகே விடுவிக்கலாம்.