ஹவாய் விருந்தும் நம் வீட்டு மாலையும்

தில்லித் தமிழர் வீடுகளிலும் இப்போது பிள்ளைகளின் பிறந்த நாள் 'தீம் பார்ட்டி'யாக நடக்கத் தொடங்கிவிட்டது. அதில் ஹவாய்க்குத் தனி மவுசு. சதர் பஜாரில் பிளாஸ்டிக் பூமாலை, பச்சை நார்ப் பாவாடை, காகிதத் தென்னை மரம் எல்லாம் வாங்கி வந்து கூடத்தில் தொங்கவிட்டால் ஹவாய் வந்துவிட்டதாக எண்ணம். "நமக்கெதற்கு இந்த வேஷம்?" என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கு விருந்தின் மேல் வருத்தமில்லை. அந்தப் பிளாஸ்டிக்கின் மேல்தான் வருத்தம்.

ஹவாய்த் தீவுகளில் காலங்காலமாக விளைவது என்ன தெரியுமா? தென்னை, வாழை, கரும்பு, மஞ்சள், சேம்பு. சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துக் குழைத்த 'போய்'தான் அவர்களுடைய பாரம்பரிய உணவு. முன்பெல்லாம் தரையில் பாய் விரித்து, இலைகளைப் பரப்பித்தான் விருந்து வைத்தார்கள். எல்லாம் நம் கொல்லைச் சரக்கு, நம் வீட்டுப் பழக்கம்! இதைப் பிளாஸ்டிக்கில் விலைக்கு வாங்குவானேன்?

அவர்களுடைய மாலைக்கு 'லேய்' என்று பெயர். அன்புக்கும் மரியாதைக்கும் அடையாளமாகக் கழுத்தில் இடுவது. அதை வேண்டாம் என்பதும், இட்டவர் எதிரிலேயே கழற்றுவதும் அங்கே மரியாதைக் குறைவு. 1928 முதல் மே 1ஆம் தேதியை மாலைக்கென்றே கொண்டாடி வருகிறார்கள். மாலை மரியாதையைப் பற்றித் தமிழனுக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா?

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. 1893இல் அந்த நாட்டு ராணி லிலியுவோகலானி பதவியிலிருந்து இறக்கப்பட்டார். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழி என்று சட்டம் வந்தது. தாய்மொழி வகுப்பறையை விட்டு வெளியேறியது. 1978இல்தான் அது ஆங்கிலத்தோடு சேர்ந்து ஆட்சி மொழியாயிற்று. வெளியூரில் பிள்ளைகளின் நாவில் தமிழைத் தங்க வைக்கப் பாடுபடும் நமக்கு இந்த வலி புரியும். ஆகவே, 'டிக்கி' என்று கடையில் விற்கும் கோமாளி முகங்களை வாங்க வேண்டாம். அவற்றுக்கு மூலம் அத்தீவு மக்களின் தெய்வ உருவங்கள். நம் ஐயனாரை ஒருவர் பலூனோடு தொங்கவிட்டால் நாம் சிரிப்போமா?

செய்ய வேண்டியது எளிது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாழையிலை கிடைக்கிறது. காஜீபூர் பூ மண்டியில் சாமந்தி கிடைக்கிறது. ஹவாய் மாலைகளில் பேர்போன பூ, தில்லிக்காரர்கள் சம்பா என்னும் நம் ஈழத்தலரி. கோடையில் காலனிப் பூங்காவில் உதிர்ந்து கிடக்கும். பொறுக்கிக் கழுவி, ஊசி நூலில் கோத்தால் மாலை தயார். காம்பில் பால் இருக்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலூன் குச்சி, அலங்காரத் தெர்மோகோல், பிளாஸ்டிக் தட்டு, உறிஞ்சுகுழல் ஆகியவை 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

"ஆபீஸ் போய் வருகிற எங்களுக்கு நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். நீங்கள் ஏன் கோக்க வேண்டும்? விருந்துக்கு வரும் பிள்ளைகளை ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள். பாட்டி இருந்தால் நடுவில் உட்கார்ந்து சொல்லித் தரட்டும். பூக்கட்டத் தெரியாத தலைமுறை ஒன்று நம் வீடுகளிலேயே வளர்கிறது. ஹவாயின் பெயரைச் சொல்லியாவது அவர்கள் விரல்களுக்கு அந்தப் பழக்கம் வரட்டுமே!