பல்கலைக் கழகமும் தங்க வயல் மாணவரும்

ஒரு பல்கலைக் கழகம் தன் மாணவர்க்குச் செய்து தரும் வசதிகளைக் கணக்கிடும்போது, நாம் கட்டடங்களையும் நூல்களையும் எண்ணுகிறோம். அவை திறந்திருக்கும் நேரத்தை எண்ணுவதில்லை. கோலார் தங்க வயலிலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் மாணவரை நோக்கினால், இவ்விரண்டாவது கணக்கே முக்கியமானது என்பது விளங்கும்.

மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டி சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களைக் கடந்து பங்காரப்பேட்டையில் பெரும்பாதையைச் சேர்கிறது. பெங்களூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் செல்லும். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின்னர், வேலைக்குச் செல்வோர் பலரும் படிக்கச் செல்வோர் பலரும் இப்பாதையையே நம்பியுள்ளனர். மாலை வண்டியைப் பிடிக்க ஓடும் மாணவனுக்கு, இரவு வரை திறந்திருக்கும் நூல் நிலையத்தால் என்ன பயன்? அலுவலக நேரத்தில் மட்டும் இயங்கும் மாணவர் நலப் பிரிவோ, அவன் வகுப்பில் அமர்ந்திருக்கும் வேளையில்தான் திறந்திருக்கிறது.

1964-இல் தோன்றிய பெங்களூர்ப் பல்கலைக் கழகம் மிகப் பெருகியமையால் 2017-இல் பிரிக்கப்பட்டது. கோலார் மாவட்டக் கல்லூரிகள் பெங்களூர் வடக்குப் பல்கலைக் கழகத்தின் கீழ் வந்தன. தொலைவு குறைந்தது மெய்யே. எனினும், கல்லூரிகளை இணைத்து நடத்தும் பல்கலைக் கழகங்களில் மாணவருள் பெரும்பாலோர் இணைப்புக் கல்லூரிகளில் படிக்கின்றனர். வசதிகளோ தலைமை வளாகத்தில் குவிகின்றன. வாரத்தில் ஒரு நாளேனும் நலப் பிரிவின் அலுவலர் ஒருவர் கல்லூரிக்கு வந்து அமர்வது பெருஞ்செலவாகாது என்பது என் கருத்து.

வசதி என்பது யாருக்குத் திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இவ்வூரே அதற்குச் சான்று. 1965-இல், டாட்டா ஆதார ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக் கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த விஞ்ஞானிகள், இங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் அடையாளத்தைக் கண்டனர். மேலிருந்த பாறை மற்றக் காஸ்மிக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிட்டதால் இது இயன்றது. கருவிகளை இறக்கச் சுரங்கத்தின் கூண்டும், இயக்க மின்சாரமும், துணை நிற்கச் சுரங்க ஊழியரும் கிடைத்தனர். தொலைவிலுள்ள பல்கலைக் கழகங்களுக்கு இச்சுரங்கம் இவ்வளவு உதவிற்று. சுரங்கத் தொழிலாளியின் பேரப் பிள்ளைக்கு அருகிலுள்ள பல்கலைக் கழகம் என்ன உதவுகிறது என்று கேட்பது முறையே அல்லவா?

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் ஆதலால், சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். மனச்சோர்வுற்ற மாணவனைக் 'கவுன்சலிங்' செல்லுமாறு அறிவிப்புப் பலகைகள் கூறுகின்றன. நம் பெற்றோர் அறிந்த கவுன்சலிங், பொறியியல் கல்லூரியில் இடம் ஒதுக்கும் கவுன்சலிங் ஒன்றே! 'உளவளத் துணை' என்று பெயர்த்தாலோ, அது மேலும் உயரத்தில் ஏறி நின்றுகொள்கிறது. 'மனக் கவலையை வந்து சொல்லலாம். வெளியே தெரியாது' என்று எழுதினால் எவர்க்கும் விளங்கும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசுகிறது. அதை வழிநடத்தும் நிம்ஹான்ஸ் நிலையம் இருப்பதும் பெங்களூரிலேயே. இந்த எண்ணை நம் வகுப்பறைச் சுவர்களில் எழுதி வைக்கலாம்.

உபகாரச் சம்பளத்திலும் இத்தகைய இடர் உண்டு. தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கான மேற்கல்வி உதவித் திட்டம் 1944 முதல் நடந்து வருகிறது. பணம் இன்று மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆயின், மதிப்பெண் சான்றிதழில் ஒரு பெயரும் ஆதார் அட்டையில் வேறொரு பெயரும் இருந்தால் விண்ணப்பம் நின்றுவிடும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடுவது நம் வழக்கம். ஓர் அலுவலகம் அதைப் பின்னால் இடும், மற்றொன்று முழுப் பெயராக விரிக்கும். கல்லூரியில் சேர்ந்த பின்னர் இதைத் திருத்த முற்படுபவன் முதலாண்டுப் பணத்தை இழப்பதும், கட்டணம் செலுத்த இயலாது படிப்பையே விடுவதும் கூடும். ஆகவே இப்பணி பல்கலைக் கழகத்தின் வாயிலில் அன்று, உயர்நிலைப் பள்ளியிலேயே தொடங்க வேண்டியது. பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் அனுப்பப்படுமுன் ஆசிரியர் ஒவ்வொரு பெயரையும் ஆதாருடன் ஒப்பிட்டுப் பார்த்தால், பின்னர் வரும் அலைச்சலில் பெரும்பகுதி குறையும்.

வளாகத்துக்கு வெளியேயும் சில வசதிகள் உள. 2025 ஜனவரி முதல் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தின்கீழ், ஏறக்குறைய 13,000 ஆராய்ச்சி இதழ்கள் அரசு உயர்கல்வி நிலையங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. சிறிய ஊரின் அரசுக் கல்லூரியும் இதில் அடங்கும். மற்றொன்று ரயிலைப் பற்றியது: மாணவியர்க்குப் பட்டப்படிப்பு வரையிலும் மாணவர்க்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும், வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்குமிடையே இரண்டாம் வகுப்பு மாதாந்திரச் சீட்டை ரயில்வே இலவசமாக அளிக்கிறது. பருவச் சீட்டின் எல்லை 150 கிலோமீட்டர்; பெங்களூர் அதற்கு உட்பட்டதே. கல்வி நிலையத்தின் சான்று வேண்டும். அதற்குரிய படிவத்தைச் சேர்க்கை நாளன்றே கையொப்பமிட்டுக் கொடுத்தனுப்புவது கல்லூரி அலுவலகத்துக்கு ஐந்து நிமிட வேலை.