இளம் விஞ்ஞானிகளும் சர்க்கார் பணமும்

1986ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படித்துவந்த செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவி, ரத்தச் சீரத்தைச் சுமந்துகொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குப் பிரயாணம் செய்தார். டாக்டர் சுநீதி சாலமன் அவருக்கு ஆசிரியை. கையுறையோ கவசமோ இன்றி எண்பதுக்கு மேற்பட்ட பெண்களிடம் மாதிரி சேகரித்து, அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே பாதுகாத்து வைத்திருந்தவர் அவர். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தென்பட்டது. அவ்வருஷம் மே மாதம் சுகாதார மந்திரி ஹண்டே அதைச் சட்டசபையில் அறிவித்தார். தேசத்தில் இந்நோய் புகுந்துவிட்டதென்பதை இந்தியா அறிந்தது ஒரு மாணவியின் பிடிவாதத்தினால்தான்.

பிடிவாதத்தையே நம்பி ஒரு தேசம் விஞ்ஞானத்தை நடத்தலாமா? 2023ஆம் வருஷக் கணக்கின்படி நம் நாட்டில் 25 லட்சத்துக்கு மேற்பட்டோர் இக்கிருமியுடன் வாழ்கின்றனர். இதுவரை தடுப்பூசி கிடையாது. மனிதரைப் பற்றும் கிருமி செம்முகக் குரங்கைப் பற்றுவதில்லை. ஆகவே அதன் உறவான எஸ்.ஐ.வி. என்னும் குரங்குக் கிருமியைக் கொண்டே ஆராய்கிறார்கள். டெனோஃபோவிர் மருந்து அக்கிருமி தொற்றாமல் காக்கும் என்று 1995இல் குரங்குகளிடத்தில் நிரூபித்தார்கள். அம்மருந்து அடங்கிய தடுப்பு மாத்திரையை மனிதர் உட்கொள்ள 2012இல் அமெரிக்கா அனுமதித்தது. இடையில் பதினேழு வருஷம்!

அமெரிக்க ஆராய்ச்சிசாலைகளில் இவ்வேலைக்குப் பெரிதும் பயன்படுவது இந்திய வம்சத்துச் செம்முகக் குரங்கு. நம் சர்க்கார் 1978இல் ஏற்றுமதியைத் தடுத்தது நியாயமே. ஆனால் குரங்கின் வம்சம் அங்கே. அதனால் விளைந்த ஞானமும் அங்கே. நம் வாலிபர்களுக்கு எஞ்சியது என்ன? (அழகர்மலைக் குரங்குகளைப் பிடித்துக் கூண்டிலடைக்கச் சொல்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். சோதனைக்கென வளர்த்தவையே போதும். அவையும் குறைந்த எண்ணிக்கையில், சட்டப்படி.)

2023இல் பார்லிமெண்டு நிறுவிய அநுஸந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியத்துக்கு ஐந்து வருஷத்தில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி தனியாரிடமிருந்து வரவேண்டுமாம்! லாபம் தராத நீண்ட ஆராய்ச்சிக்கு எந்த முதலாளி பணம் போடுவான்? இளம் விஞ்ஞானிக்கு அந்நிதியம் தரும் மானியமோ மூன்று வருஷத்துக்கு. குரங்குகளைப் பெற்று, மத்தியக் கமிட்டியின் அனுமதி வாங்கி, பணியாளைப் பழக்குவதற்குள் அதில் பாதி கழிந்துவிடும். மாதம் 37,000 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகையும் பலருக்குக் காலத்தில் சேர்வதில்லை.

காளவாசலிலிருந்து தேனி ரஸ்தாவில் போகிறவர்கள் மதுரை காமராஜர் சர்வகலாசாலையைக் காண்பார்கள். உயிரியல் ஆராய்ச்சியில் பேர்பெற்ற ஸ்தாபனம் அது. 2024இல் அங்கே ஆசிரியர்கள் சம்பளத்துக்காகப் போராட நேர்ந்தது. ஆசிரியருக்கே சம்பளம் இல்லாத இடத்தில், அவரிடம் பயிலும் இளைஞன் எச்.ஐ.வி.யை ஆராய்வதற்கு யாரிடம் போய்க் கை நீட்டுவான்?

பட்டம் பெற்றுச் சில வருஷங்களே ஆன விஞ்ஞானிகளுக்கு ஏழு வருஷ மானியம் அளிக்கவேண்டும். தேசத்திலுள்ள குரங்கு ஆராய்ச்சிசாலைகளை எல்லாச் சர்வகலாசாலையாருக்கும் திறந்துவிடவேண்டும். உதவித்தொகை மாதத்தின் முதல் தேதியில் கைக்குச் சேரவேண்டும். வரும் வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கெனத் தனித்தொகை ஒதுக்குமாறு மத்திய சர்க்காரைத் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் கட்சி பேதமின்றி வற்புறுத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.