சாவியைக் கீழ வைங்க, மூச்சைக் கவனிங்க

போன செமஸ்டர் ரிசல்ட் வந்த ராத்திரி. அனுப்பர்பாளையத்துல எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கிற ஒரு தங்கச்சி, நம்மள மாதிரியே இன்ஜினியரிங் படிக்கிறவ, வாசல்ல உக்காந்து அழுதுட்டே புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுட்டு இருந்தா. "உதடு மரத்துப் போச்சு, விரலெல்லாம் ஊசி குத்துது"ன்னு சொல்லும்போதே ரெண்டு கையும் மடங்கி விறைச்சுக்கிச்சு. பாத்திரப் பட்டறை அண்ணன் ஒருத்தர் "வலிப்புங்க!"ன்னு ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில திணிச்சார். பக்கத்து வீட்டு அம்மா, "நல்லா இழுத்து இழுத்து மூச்சு விடு கண்ணு"ன்னாங்க. அப்பா வந்து தோள்ல சாய்ச்சுக்கிட்டார். அழுகை நின்னுது, மூச்சு தணிஞ்சுது, கொஞ்ச நேரத்துல கையும் விரிஞ்சுது.

பேர் வாங்கினது என்னமோ சாவி. அவளுக்கு மறுநாள் கிடைச்ச பேரு: "அரியர் விழுந்ததுக்கு நடிச்சா."

இந்த ரெண்டுமே தப்புன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன்.

பயத்துல மூச்சு போதலைன்னு தோணும். நிஜத்துல அது அளவுக்கு மீறிப் போயிருக்கும். நல்லா இருக்கிற ஒருத்தரோட ரத்தத்துல ஆக்ஸிஜன் ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல இருக்கு. வேகமா மூச்சு விட்டா அது பெருசா கூடப்போறதில்லை. ஆனா கார்பன் டை ஆக்ஸைடு மளமளன்னு வெளியேறிடும். அது குறைஞ்சா ரத்தத்தோட பிஎச் அளவு 7.45-ஐத் தாண்டி காரத்தன்மை பக்கம் போகும். அப்போ ரத்தத்துல தனியா சுத்துற கால்சியத்துல ஒரு பங்கு புரதத்தோட ஒட்டிக்கும். அந்தக் கால்சியம் குறைஞ்சா நரம்புகள் சும்மாவே சிக்னல் அனுப்ப ஆரம்பிக்கும். உதட்டுலயும் விரல்லயும் வர்ற குறுகுறுப்பு அதுதான். இன்னும் முத்தினா தசை இழுத்துக்கும். மூளைக்குப் போற ரத்தக்குழாயும் சுருங்கும், தலை சுத்தும். அதைப் பார்த்து பயம் கூடும், மூச்சு இன்னும் வேகமாகும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குப் புரியும், இது பக்கா பாசிட்டிவ் ஃபீட்பேக்.

வேணும்னே வேகமா மூச்சு விட வெச்சே இந்த விறைப்பை வரவழைக்கலாம்னு கிராண்ட், கோல்ட்மேன்னு ரெண்டு பேர் 1920-லயே காட்டிட்டாங்க. அப்புறம் எப்படி இதை நடிப்புன்னு சொல்றீங்க? காரணம் மனசுல இருக்கலாம். ஆனா ரத்தத்துல நடக்கிறது கெமிஸ்ட்ரி.

அடுத்த தடவை ஹாஸ்டல்லயோ வைவா ஹால் வாசல்லயோ இதைப் பார்த்தா, கூட்டத்தை விலக்குங்க. உக்கார வைங்க. "இழுத்து விடு"ன்னு சொல்லாதீங்க. மூக்கு வழியா 4 எண்ணி உள்ளே, மெதுவா 6 எண்ணி வெளியேன்னு நீங்களும் கூடவே மூச்சு விடுங்க. சினிமால வர்ற மாதிரி பேப்பர் கவரை மூஞ்சில வைக்காதீங்க. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தா அது உயிருக்கே ஆபத்து.

வேக மூச்செல்லாம் பயத்தால வர்றதும் இல்லை. ஆஸ்துமா, மாரடைப்பு, நுரையீரல்ல ரத்தக்கட்டி, சர்க்கரை எகிறுறதுன்னு பல காரணம் உண்டு. முதல் தடவை வந்தாலோ, நெஞ்சு வலி, ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போறது, உதடு நீலமாகிறது இருந்தாலோ, மெதுவா விட்டும் தணியலைன்னாலோ யோசிக்காம 108. நிஜமான வலிப்புக்கும் சாவியால பிரயோஜனம் இல்லை. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, அடிபடாம பார்த்துக்கிட்டா போதும்.

இன்னொண்ணு. கிணத்துல ரொம்ப நேரம் முங்கி இருக்கணும்னு, குதிக்கிறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு விடுற பசங்க நம்ம ஊர்ல உண்டு. மேல வரணும்ங்கிற தவிப்பைக் குடுக்கிறதே கார்பன் டை ஆக்ஸைடுதான். அதைக் காலி பண்ணிட்டுக் குதிச்சா, தவிப்பு வர்றதுக்குள்ள ஆக்ஸிஜன் தீர்ந்து தண்ணிக்குள்ளயே மயங்கிடலாம். விளையாட்டுக்குக் கூட செய்யாதீங்க.

அந்தத் தங்கச்சி அடுத்த செமஸ்டர்ல அரியரை எழுதிக்குவா. "நடிச்சா"ங்கிற பேரை நாமதான் அழிக்கணும். மறுபடி அப்படி வந்தா யார்கிட்டயும் சொல்லாம அவ ரூம் கதவைச் சாத்திக்கிட்டா, நஷ்டம் அவளுக்கு மட்டுமில்லை. பயம் அடிக்கடி வருதுன்னா 14416-க்குப் போன் பண்ணலாம். மனநல உதவிக்கான அரசு எண், இலவசம். இப்பவே போன்ல சேவ் பண்ணி வைங்க.