மஞ்சள் பையும் நம்ம கையும்

முகத்தில் இருக்கும்வரைதான் அது மாஸ்க். கழற்றிப் போட்டால் குப்பை. குப்பை ஆன உடனே அதுக்குச் சாதி வந்துவிடுகிறது.

மருத்துவமனை வார்டுக்குள் போய்ப் பாருங்கள் தோழர்களே. டாக்டர் கழற்றி மேசைமேல் போடுவார். பயிற்சி மாணவர் நடந்துகொண்டே மூலையில் வீசுவார். நர்சம்மாவுக்கு நிற்கவே நேரமில்லை. கைக்கு எட்டிய வாளியில் போடுவார். குனிந்து பொறுக்குவது யார்? காண்ட்ராக்டில் வந்த அக்கா. எந்தத் தெரு என்று கேளுங்கள். பெரும்பாலும் அருந்ததியர் தெரு, பறையர் தெரு என்றுதான் பதில் வரும். "அவுங்களுக்கு இது பழக்கம்தானே" என்பார்கள். பழக்கமாம்! எத்தனை தலைமுறையாய்ப் பழக்கினீர்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் உயிர் மருத்துவக் கழிவு விதிகள்படி, கழிவு உண்டாகிற இடத்திலேயே அதைப் பிரிக்க வேண்டும். மாஸ்க்குக்கு மஞ்சள் பை. அது எரிஉலைக்குப் போகும். கையுறைக்குச் சிவப்புப் பை. ஊசிக்குக் குத்து தாங்கும் வெள்ளை டப்பா. கழிவைக் கையாளும் எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். பாதுகாப்புக் கவசம் தர வேண்டும். வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். இதெல்லாம் யாரும் போடுகிற பிச்சை அல்ல, சட்டம்.

ஆக, பிரிக்க வேண்டியது போடுகிறவர் கை. நடப்பிலோ பொறுக்குகிறவர் கை. மாஸ்க்கும் ஊசியும் சோற்றுப் பொட்டலமும் ஒரே பையில் கிடக்கும். மாஸ்க்குதானேன்னு கையை விட்டா ஊசி ஏறும். ஏறினால், "பார்த்து எடுக்கக் கூடாதா?" என்று அவர்மேலேயே பழி!

2019 கும்பமேளாவில் பிரதமர் துப்புரவுத் தொழிலாளர்களின் காலைக் கழுவினார். 2020 மார்ச்சில் தட்டு தட்டினார்கள். மே மாதம் மருத்துவமனைகள்மேல் ஹெலிகாப்டரில் பூத் தூவினார்கள். அந்தப் பூவைக் கூட்டி அள்ளியது யார்? தமிழ்நாட்டில் அதே ஆண்டு 'துப்புரவு' போய் 'தூய்மைப் பணியாளர்' வந்தது. பேரு மாறிச்சு. துடைப்பம் கை மாறலையே!

சில தோழர்கள் கேட்கிறார்கள்: "கையுறை கொடு, நிரந்தரமாக்கு என்றால், காலம் பூரா அங்கேயே கிடன்னு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா?" நியாயமான கேள்விதான். ஆனால் இன்றைக்கு ராத்திரி வேலைக்குப் போகிற அக்காவிடம், முதலில் சாதி ஒழியட்டும், அப்புறம் கையுறை கேட்கலாம் என்று சொல்ல நாம் யார்? உயிரோடு இருந்தால்தான் வெளியேற முடியும். அதே நேரத்தில் கையுறையோடு நிறுத்திக்கொண்டால், சாதி அப்படியே இருக்கும், கொஞ்சம் சுத்தமாக.

ஆகவே இரண்டும் வேண்டும். தன் மாஸ்க்கைத் தானே மஞ்சள் பையில் போடாதவர் டாக்டரானாலும் நடவடிக்கை எடு! தடுப்பூசி, பரிசோதனைப் பதிவேட்டைத் தொழிலாளர்களிடம் காட்டு! காண்ட்ராக்டை ஒழி! அவர்கள் பிள்ளைகள் அதே மருத்துவமனையில் நர்சாக, டாக்டராக நுழைய வழி விடு!

மருத்துவம் படிக்கிற தோழர்களே, உங்கள் முகத்து மாஸ்க்கிலிருந்து தொடங்குங்கள். நாளைக் காலை வார்டில் நின்று, எத்தனை பேர் வீசுகிறார்கள், எத்தனை பேர் குனிகிறார்கள் என்று எண்ணுங்கள். குனிகிறவரிடம் தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள். எழுதி அனுப்புங்கள். அச்சிடுவோம்.